மூவர் ஒன்றாகச் சேர்வதை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

"இருவர் இணைவதைக் கணிக்கிறார்கள், சரி. மூவர் ஒரே குழுவாகச் சேர்வதை?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஓரளவுக்கு.

ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கலாவும் ரவியும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். ரவியும் மீனாவும் வேறு சில. மீனாவும் கலாவும் ஒன்று. கோடு போட்டால் முக்கோணம் வந்துவிடும். ஆனால் மூவர் பெயரும் ஒரே கட்டுரையில் வந்ததே இல்லை. சாதாரண வலைப்படம் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். இதுதான் திறந்த முக்கோணம். அது மூடுமா, அதாவது மூவரும் சேர்ந்து ஒரே கட்டுரை எழுதுவார்களா என்பதே கேள்வி.

2018-இல் ஆஸ்டின் பென்சன், ஜான் கிளைன்பெர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மின்னஞ்சல், மருந்துகள் என 19 தரவுத்தொகுப்புகளில் இதைச் சோதித்தார்கள். இருவர் இணைப்புக்கு, வேறு பலர் வழியாகச் செல்லும் தொலைவான பாதைகளையும் அலசுவது உதவும். மூவர் விஷயத்தில், பக்கத்திலேயே இருக்கும் அந்த மூன்று கோடுகளின் வலுதான் பெரும்பாலும் நல்ல துப்பு.

வலுவை எப்படிக் கூட்டுவது? கலா–ரவி 10 கட்டுரை, ரவி–மீனா 8, மீனா–கலா 1 என்று வையுங்கள். கூட்டுச் சராசரி 6.3, ஏமாற்றும். இசைச் சராசரி (எண்களின் தலைகீழ்களுக்குச் சராசரி எடுத்து, அதை மறுபடி தலைகீழாக்குவது) வெறும் 2.45. அந்த ஒற்றை மெலிந்த கோடு மொத்தத்தையும் கீழே இழுத்துவிடுகிறது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.