வானை எத்தனை பாகைக்குக் கட்டுவது?

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. சாரம் இதுதான்:

"டித்வா புயல் மழையில் எங்கள் குளத்தின் வான் (மேலதிக நீர் வழிந்தோடும் இடம்) ஒரு பக்கம் அரித்துப் போய்விட்டது. திருத்தப் பணம் தர ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்திருக்கிறது. ஆனால் காலநிலை மாற்றத்தையும் கணக்கில் எடுத்துத் திட்டம் எழுதித் தரச் சொல்கிறார்கள். செயலமர்வில் ஒருவர், எல்லா நாடுகளும் புகையைக் குறைப்பதாக உறுதிமொழி கொடுத்துவிட்டன, உலக வெப்ப உயர்வு 1.9 பாகை செல்சியசோடு நின்றுவிடும் என்றார். இன்னொருவர் 2.8 என்றார். ஏ.எல். படிக்கும் என் மகள் 1.5-ஐ ஏற்கெனவே தாண்டியாச்சு என்கிறாள். நாடுகளின் உறுதிமொழி போதுமா, போதாதா? நாங்கள் எந்த எண்ணை நம்பி வானைக் கட்டுவது?"

போதாது, ஐயா. அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடலாம். ஆனால் உங்களிடம் எண் சொன்ன மூவரும் பொய் சொல்லவில்லை. மூவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

மகளிடமிருந்து தொடங்குவோம். 2024-ஆம் ஆண்டின் உலக சராசரி வெப்பநிலை, 1850–1900 காலத்தை விட 1.55 பாகை கூட என்று உலக வானிலை அமைப்பு சொன்னது. ஆனால் 2015 டிசம்பரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பாரிஸ் உடன்படிக்கை பேசும் 1.5 பாகை ஒரு வருடத்துக் கணக்கு அல்ல, பல வருடச் சராசரி. ஒரு மாரியை வைத்துக் குளத்தின் வரத்தை யாரும் சொல்லமாட்டார்கள் அல்லவா? அந்தச் சராசரி இப்போது 1.4-ஐ ஒட்டி நிற்கிறது. ஆகவே மகள் சொன்னது சரி, ஆனால் எல்லைக்கோடு இன்னும் முறைப்படி தாண்டப்படவில்லை. தாண்டப் போகிறோம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மற்ற இரண்டு எண்களுக்கு, உங்கள் சிறுபோகக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்து, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவெடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பீர்கள். சச்சரவு வரும், ஆனால் கணக்கு தண்ணீரிலிருந்து தொடங்கும். பாரிஸில் நடந்தது வேறு மாதிரியான கூட்டம். தண்ணீர் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாருக்கு எத்தனை ஏக்கர் என்று யாரும் பிரிக்கவில்லை. எவ்வளவு புகையைக் குறைப்போம் என்று அவரவர் தாம் விரும்பியதை ஒரு துண்டில் எழுதிப் போட்டார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முன்னதை விட நல்லதாக ஒரு துண்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுதியதைச் செய்யாவிட்டால் தண்டம் கிடையாது. அந்தத் துண்டுக்குத்தான் 'தேசிய ரீதியாகத் தீர்மானிக்கப்பட்ட பங்களிப்பு' என்று நீளப் பெயர்.

அந்தக் குளத்தில், அதாவது உலகம் இன்னும் விடக்கூடிய புகையில், எவ்வளவு மிச்சம்? காபனீரொட்சைட்டு வளியில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும் என்பதால், இந்த வருடம் எவ்வளவு விட்டோம் என்பதை விட இதுவரை மொத்தம் எவ்வளவு விட்டோம் என்பதே வெப்பத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு இலட்சம் கோடி தொன் விட்டால் ஏறக்குறைய 0.45 பாகை கூடும். 1.5-க்குள் நிற்க அரைக்கு அரை வாய்ப்பாவது வேண்டுமென்றால், 2020 தொடக்கத்திலிருந்து 50,000 கோடி தொன் மட்டுமே விடலாம் என்று ஐ.நா. காலநிலை அறிவியல் குழு 2021-இல் கணக்கிட்டது. உலகம் ஒரு வருடத்துக்கு 4,000 கோடிக்கும் சற்று மேலாக விடுகிறது. புதிய அளவீடுகளையும் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், 2026 தொடக்கத்தில் மிச்சம் 17,000 கோடி என்கிறார்கள். இப்போதைய வேகத்தில் நான்கு வருடத்துத் தண்ணீர். இந்த நிலையில் 2050-இல் குறைப்பேன், 2070-இல் நிறுத்துவேன் என்று வரும் துண்டுகளை எப்படிப் படிப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

துண்டுகளைப் படிக்க ஒரு பழக்கம் வேண்டும். 'குறைப்பேன்' என்ற சொல்லைப் பார்த்ததும் 'எதிலிருந்து?' என்று கேளுங்கள். எங்கள் நாட்டையே எடுப்போம். 2021-இல் இலங்கை கொடுத்த உறுதிமொழி, 2030-க்குள் 14.5 வீதம் குறைப்பது. எதிலிருந்து? இப்போது வெளிவிடும் அளவிலிருந்து அல்ல, 'எதுவும் செய்யாமல் விட்டால் 2030 வரை எவ்வளவு ஆகியிருக்குமோ' அதிலிருந்து. போன வருடம் ஆறு ஏக்கர் விதைத்தவர், 'பத்து ஏக்கர் விதைக்க இருந்தேன், எட்டரையோடு நிறுத்துகிறேன்' என்று கூட்டத்தில் சொல்வது போல. கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாது. அதிலும் 4 வீதம்தான் சொந்தச் செலவில். மிச்சம் 10.5 வீதம் வெளிநாட்டு உதவி வந்தால்.

இதைச் சொல்வதால் இலங்கையைக் குறை சொல்கிறேன் என்று எடுக்க வேண்டாம். உலகப் புகையில் எங்கள் பங்கு ஆயிரத்தில் ஒன்று கூட இல்லை. கணக்கை உருட்டுவதில் பெரியவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். இந்தியா, பொருளாதார உற்பத்தியின் ஒவ்வோர் அலகுக்கும் வரும் புகையை 2030-க்குள் 2005-ஐ விட 45 வீதம் குறைப்பதாகச் சொன்னது. 'ஏக்கருக்கான தண்ணீரைக் குறைப்பேன்' என்றதே தவிர, 'ஏக்கரைக் கூட்டமாட்டேன்' என்று சொல்லவில்லை. சீனா 2025-இல் சொன்னது, 2035-க்குள் 'உச்சத்திலிருந்து' 7 முதல் 10 வீதம். அந்த உச்சம் எந்த வருடம், எத்தனை தொன் என்று துண்டில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1990-ஐ அடியாக வைத்து 2030-க்குள் 55 வீதம் என்று எழுதி அதைச் சட்டமாகவும் ஆக்கியது. படிக்கத் தெளிவான துண்டு அது. அமெரிக்கா 2005-ஐ விடப் பாதியாகக் குறைப்பேன் என்று எழுதிப் போட்டுவிட்டு, 2025 ஜனவரியில் கூட்டத்தை விட்டே எழுந்து போக அறிவித்தல் கொடுத்தது.

இத்தனை விதமான துண்டுகளையும் ஒரே அளவுக்கு மாற்றிக் கூட்டிப் பார்க்கும் வேலையை ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2010 முதல் ஒவ்வொரு வருடமும் செய்கிறது. 2025 அறிக்கையின் மையக் கணக்கை மூன்று எண்களில் சொல்லலாம். 2019-உடன் ஒப்பிட்டால் 2035-இல் உலகப் புகை, 1.5 பாகைக்கு 55 வீதம் குறைய வேண்டும். 2 பாகைக்கு 35 வீதம். எல்லா நாடுகளும் எழுதியதை ஒன்று விடாமல் செய்தால் குறைவது 15 வீதம். அமெரிக்கா போய்விட்டதால் அதுவும் முழுசாக வராது. உங்கள் முதல் கேள்விக்கு இதை விடச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை. இதற்கிடையில் 2024-இல் புகை குறையாமல் 2.3 வீதம் கூடி, எல்லாப் பச்சைவீட்டு வாயுக்களும் சேர்ந்து 5,770 கோடி தொன் ஆனது.

இனி செயலமர்வு எண்கள். இப்போது உண்மையில் நடைமுறையில் இருக்கும் சட்டங்கள், மின்நிலையங்கள், வரிகள் இப்படியே தொடர்ந்தால் நூற்றாண்டு முடிவில் 2.8 பாகை. துண்டில் எழுதியதை முழுதாகச் செய்தால் 2.3 முதல் 2.5. அதற்கு மேல், 'நிகர பூச்சியம்' (விடும் புகையும் திரும்ப உறிஞ்சப்படும் அளவும் சமமாவது) என்ற நீண்டகால ஆசைகள் எல்லாம் கைகூடினால் 1.9. அதாவது உங்களிடம் 1.9 சொன்னவர் சொல்வதையும் நம்பினார், 2.8 சொன்னவர் செய்வதை மட்டும் பார்த்தார். நான் இரண்டாமவர் பக்கம். கடன் கேட்டு வருபவர் எப்போது தருவேன் என்கிறார் என்பதை விட, போன முறை எப்போது தந்தார் என்பதைத்தானே பார்ப்போம்.

இன்னொன்றையும் அந்தச் செயலமர்வில் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த எண்கள் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்போடு சொல்லப்படுபவை. 2.8 என்றால் 2.8-க்குள் நிற்க 66 வீத வாய்ப்பு. மிச்சம் மூன்றில் ஒரு பங்கு அதற்கும் மேலே.

உறுதிமொழிகளால் ஒரு பயனும் இல்லையா என்றால், அதுவும் சரியல்ல. பாரிஸ் உடன்படிக்கை வந்த காலத்தில் இதே கணக்கு 3 முதல் 3.5 பாகை காட்டியது. பத்து வருடத்தில் இறங்கியிருக்கிறது. மன்னாரில் 2020 முதல் சுற்றும் முப்பது காற்றாலைகளும் 2030-க்குள் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழியில் எடுப்போம் என்ற எழுத்துக்கு உள்ளே வருபவைதான், அவற்றைப் பற்றி மன்னார் மக்களுக்கு வேறு மனக்குறைகள் இருந்தாலும். காட்டுப் பரப்பை 32 வீதமாக்குவதும் அதே துண்டில் இருக்கிறது. காட்டு எல்லைக்கல் சச்சரவு தெரிந்த வன்னி மக்களுக்கு அந்த வரியை நான் விளக்கத் தேவையில்லை.

சரி, வானுக்கு வருவோம்.

முதலில் கேட்க வேண்டியது, கட்டப்போவது எத்தனை வருடம் நிற்க வேண்டும் என்பது. அடுத்த இருபது வருட வெப்பத்தை எந்த உறுதிமொழியும் பெரிதாக மாற்றாது. புகை குறைந்தாலும் அதன் வித்தியாசம் வெப்பத்தில் தெளிவாகத் தெரிய அவ்வளவு காலம் எடுக்கும். ஆகவே அடுத்த போகத்துக்கு என்ன நெல்லினம், எப்போது விதைப்பு என்பதற்கெல்லாம் பாரிஸைப் பார்க்க வேண்டாம். கதிர் பூக்கும் நேரம் வெயில் 35 பாகையைத் தாண்டினால் பதர் கூடும் என்பதை மட்டும் வைத்துச் சிறுபோக நாளைப் பாருங்கள். முப்பது வருடம் நிற்கும் கட்டுமானத்துக்கு 2 பாகையை வைத்துக்கொள்ளலாம். நடுத்தரப் பாதையில் நூற்றாண்டின் நடுவில் அங்குதான் நிற்போம். வான் அப்படியல்ல. எங்கள் குளங்களின் வான்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்பவை. அதற்கு 2.8.

2.8 பாகை என்று எழுதினால் பொறியியலாளருக்கு ஒன்றும் கிடைக்காது. அதை மழையாக மாற்ற வேண்டும். ஒரு பாகை சூடேறிய காற்று ஏறக்குறைய 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், தாங்கியதைக் கொட்டும். பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் ஒருநாள் கனமழையின் அளவு, பழைய காலத்தோடு ஒப்பிட்டால் 1 பாகையில் 6.7 வீதமும், 2 பாகையில் 14 வீதமும், 4 பாகையில் 30.2 வீதமும் கூடும் என்பது உலக நிலப்பரப்புக்கான கணக்கு. 2.8-க்கு 20 வீதத்தை ஒட்டி வரும். ஆனால் அந்த 20-ஐ அப்படியே கூட்டக் கூடாது. பொறியியலாளர் கையில் இருக்கும் மழைப் பதிவு கடந்த சில பத்தாண்டுகளுடையது, அதில் ஒரு பகுதி ஏற்கெனவே ஏறியிருக்கிறது. அதைக் கழித்தால் 15 வீதம் மிஞ்சும். இதைத்தான் திட்டத்தில் எழுதச் சொல்வேன்: "வடிவமைப்பு மழைக்கு மேல் 15 வீதம்".

மழை 15 கூடினால் வரத்தும் 15 கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். கார்த்திகை முடிவில் மண் ஊறிக் கிடக்கும். அதன் மேல் பெய்யும் கூடுதல் மழையில் பெரும்பகுதி நிலத்துக்குள் போகாமல் குளத்துக்கே ஓடி வரும். நானாக இருந்தால் வான் வெளியேற்ற வேண்டிய நீரை 20 வீதம் கூட்டி வைப்பேன்.

பலர் சறுக்கும் இடம் இது: கூடுதல் தண்ணீர் என்றதும் குளக்கட்டை உயர்த்தக் கேட்பார்கள். கட்டு முழு நீளத்துக்கும் மண் போடுவது செலவு, புது மண்ணை முதல் மாரியிலேயே நம்பவும் முடியாது. வானால் பாயும் நீர் அதன் நீளத்துக்கு நேர் விகிதம். 60 அடி வானை 72 அடி ஆக்கினால், நீர்மட்டம் ஒரு விரல்கூட உயராமல் 20 வீதம் கூடுதலாகப் போகும். இடம் இருந்தால் அகலப்படுத்தக் கேளுங்கள், கீழே விழும் இடத்தில் கல் அடுக்குவதையும் சேர்த்தே கேளுங்கள். உங்கள் வான் அரித்தது பக்கவாட்டில் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வான் போதாமல் தண்ணீர் ஓரத்தைத் தேடியதன் அடையாளமாக இருக்கலாம்.

கூடுதலாக வெளியேறும் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் திட்டத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டும். வான் ஆற்றோரம் வீடுகள் வந்திருக்கின்றனவா, வீதி மதகின் வாய் போதுமா என்று நடந்து பாருங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த நாட்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். மேலே உள்ள குளத்தையும் விடாதீர்கள். வன்னிக் குளங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருப்பவை. மேற்குளம் உடைத்தால் நான் சொன்ன 15-உம் 20-உம் காகிதத்தில்தான் இருக்கும். அந்த ஊர்க் கமக்காரர் அமைப்பையும் கூட்டுச் சேர்த்து ஒரே விண்ணப்பமாகப் போட முடிந்தால் இன்னும் நல்லது.

இந்த வாரமே செய்ய ஒரு வேலை இருக்கிறது. டித்வா வெள்ளம் ஏறி நின்ற மட்டம், குளக்கட்டு மருத மரங்களில் சேற்றுக் கறையாக இன்னும் இருக்கும். ஒரு ஆணி அடித்து, வான் மேல்மட்டத்திலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து, திகதியோடு படம் எடுத்து வையுங்கள். பொறியியலாளர் முதலில் கேட்பது அதைத்தான். அடுத்த மழையில் கறை கழுவிப் போய்விடும்.