வாசகர் கேள்வி–பதில்: சிறிய ராட்செட்டுகளும் ஸ்பின்னர் கைப்பிடிகளும்

செட்டிநாட்டு வீடுகளில் கிடைக்கும் பழைய கைக்கருவிகளைப் பற்றி வந்த கடிதங்களில், சிறிய ராட்செட்டுகளையும் ஸ்பின்னர் கைப்பிடிகளையும் பற்றியவை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ராட்செட் என்பது நட்டின்மேல் மாட்டும் குழல் போன்ற தலையான சாக்கெட்டை ஒரு திசையில் மட்டும் திருப்பும் பற்சக்கரக் கைப்பிடி; ஸ்பின்னர் என்பது அதே சாக்கெட்டை விரல்களால் சுழற்ற உதவும் ஸ்குரூடிரைவர் போன்ற கைப்பிடி.

எங்கள் ஐயா வைத்திருந்த மோட்டார் காரின் கருவிப்பெட்டி, கார் விற்றுப்போன பிறகும் இரண்டாம் கட்டு அறையிலேயே கிடந்தது. அதில் உள்ளங்கை நீளமே உள்ள ஒரு ராட்செட்டும், ஸ்குரூடிரைவர் போலக் கைப்பிடியும் நுனியில் சதுர முனையும் கொண்ட ஒரு கருவியும் இருக்கின்றன. இப்போது கடையில் விற்கும் 1/4 அங்குல சாக்கெட் அந்த ராட்செட்டில் ஏற மறுக்கிறது. இவை வைத்துக்கொள்ளத் தகுந்தவையா?
— வாசகர், கானாடுகாத்தான்

அவசியம் வைத்துக்கொள்ளுங்கள், அந்த சாக்கெட் ஏற மறுப்பதே அதற்கு முதற்காரணம். நம் பட்டறைகளில் இரண்டு நூல் என்று சொல்லப்படும் 1/4 அங்குலச் சதுரம், அதாவது 6.35 மில்லிமீட்டர், இன்று உலகெங்கும் சிறிய ராட்செட்டுகளுக்கு நிலைத்துவிட்ட அளவு. அது நிலைபெறும் முன்னர், 9/32 அங்குலச் சதுரமும் புழக்கத்தில் இருந்தது. அது ஏறக்குறைய 7.14 மில்லிமீட்டர் என்பதால், 1/4 அங்குல சாக்கெட் அதன்மேல் ஏறாது. 9/32 அங்குல சாக்கெட்டை 1/4 அங்குல முனையில் மாட்டினால் ஆடும். அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் நிறுவனம் தன் ஆரம்பகாலச் சிறு கருவிகளை இந்த அளவில் செய்தது. தேய்ந்த முனையும் துரு ஏறிய முனையும் அளவில் ஏமாற்றக்கூடும் என்பதால், வெர்னியர் காலிப்பர் கொண்டு சதுரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களை இரண்டு திசைகளிலும் அளந்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

1920இல் மில்வாக்கி நகரில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், ஐந்து கைப்பிடிகளும் பத்து சாக்கெட்டுகளும் ஐம்பது ஸ்பேனர்களின் வேலையைச் செய்யும் என்று சொல்லித்தான் சந்தைக்கு வந்தது. கைப்பிடியும் சாக்கெட்டும் ஒன்றாகவே செய்யப்பட்ட கருவிகளை மெக்கானிக்குகள் சுமந்துகொண்டிருந்த காலத்தில், இரண்டையும் பிரித்து ஒரு சதுர முனையால் இணைத்ததே பெரிய மாற்றம். தங்கள் பெட்டியில் உள்ள இரண்டு கருவிகளும் அந்த எண்ணத்தின் இரு பாதிகள். இறுக்கத்தைத் தளர்த்துவது ராட்செட்டின் வேலை. ஆனால் நட்டு தளர்ந்ததும் ராட்செட் உதவாமல் போகிறது: கைப்பிடியைப் பின்னுக்குத் திருப்பும்போது நட்டு தன் இடத்தில் நின்று எதிர்ப்புக் கொடுத்தால்தான் உள்ளே இருக்கும் நாக்கு பல்லைத் தாண்டும், தளர்ந்த நட்டோ ராட்செட்டோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். அப்போது சாக்கெட்டை ஸ்பின்னர் கைப்பிடிக்கு மாற்றி, விரல்களாலேயே சுழற்றிக் கழற்றிவிடலாம். சில ஸ்பின்னர்களின் அடிப்பக்கத்தில் ஒரு சதுரக் குழி இருக்கும். அதில் ராட்செட்டை மாட்டினால் சாக்கெட்டை மாற்றவே வேண்டியதில்லை. தங்களுடையதில் அந்தக் குழி இருக்கிறதா, அதற்குள் அழுக்கு இறுகிக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியில் உள்ள சாக்கெட்டுகளையும் பிரித்து விற்றுவிட வேண்டாம். கார் எந்த நாட்டுடையது என்பதை அவையே சொல்லும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கிய பிறகு அமெரிக்க வண்டிகள் இங்கே மிகுந்தன; அவற்றின் நட்டுகள் பக்கத்துக்குப் பக்கம் அங்குலத்தில் அளக்கப்பட்டவை. ஆங்கிலேய வண்டியானால் சாக்கெட்டில் விட்வொர்த், பி.எஸ்.எஃப்., பி.ஏ. என்ற ஆங்கிலேயத் திருகு அளவுமுறைகளின் குறிகள் இருக்கும். விட்வொர்த் சாக்கெட்டில் 1/4 என்று பொறித்திருந்தால் அது போல்ட்டின் தண்டு அளவு. சாக்கெட்டின் வாய் 0.525 அங்குலம். பி.ஏ. வரிசை மின்கருவிகளுக்கும் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ போன்ற நுண்ணிய பகுதிகளுக்கும் உரியது; 2 பி.ஏ. சாக்கெட்டின் வாய் 0.324 அங்குலம் என்பதால், 8 மில்லிமீட்டர் சாக்கெட் அந்த நட்டில் ஏறாது. ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று தொழில் நடத்திய குடும்பங்களின் பெட்டிகளில் இந்த இருவகை அளவுகளும் கலந்து கிடந்தால் அதில் வியப்பில்லை.

பழைய ராட்செட்டின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? காப்புரிமை எண் பொறித்திருந்தால் அதுவே ஆண்டைக் காட்டிவிடும் என்கிறார் நண்பர்.
— கல்லூரி மாணவர், காரைக்குடி

தங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. காப்புரிமை எண், கருவி எந்த ஆண்டுக்கு முன்பு செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே காட்டும். ஒரே எண்ணைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பொறித்து விற்பது வழக்கம். காப்புரிமை கோரப்பட்டுள்ளது என்ற வாசகம் எண்ணுக்குப் பதிலாக இருந்தால், அது அந்த வடிவத்தின் தொடக்ககாலப் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். என் அனுபவத்தில் பெயரும் ஊரும் எண்ணைவிட நம்பத்தகுந்த சாட்சிகள். லாஸ் ஏஞ்சலீஸில் இருந்த பிளம் நிறுவனம், ஒலிப்பில் ஒன்றாக இருந்த வேறொரு நிறுவனத்தோடு நேர்ந்த வழக்கின் விளைவாக 1948இல் புரோட்டோ என்ற பெயருக்கு மாறியது; ஆகவே பிளம் முத்திரையுள்ள ராட்செட் பெரும்பாலும் அதற்கு முந்தையது. ஸ்னாப்-ஆன் நிறுவனம் 1930இல் கெனோஷா நகருக்கு இடம் மாறியது. அதன் கருவிகளில் ஆண்டுக்கு ஆண்டு மாறும் சிறிய குறி ஒன்றும் இருக்கும், பூதக்கண்ணாடி இல்லாமல் அதைத் தேடுவது வீண். மேற்கு ஜெர்மனியில் செய்யப்பட்டது என்ற வாசகம் இருந்தால், கருவி 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். ஹாசெட், ஜெடோர், ஸ்டால்வில்லே கருவிகளில் இதைப் பார்க்கலாம்.

முலாமும் பேசும். நிக்கல் சற்று மஞ்சள் கலந்த வெண்மை. குரோமியம் நீலம் கலந்த பளபளப்பு. இரண்டாம் உலகப் போரின்போது குரோமியமும் நிக்கலும் போர்த் தேவைகளுக்கு ஒதுக்கப்பட்டதால், அமெரிக்கக் கருவிகள் மங்கிய சாம்பல் நிறக் காட்மியம் முலாமோடோ முலாமே இல்லாமலோ வெளிவந்தன. பார்வைக்கு ஏழையாக இருக்கும் இந்தப் போர்க்காலக் கருவிகளைக் கடைக்காரர்கள் ஒதுக்கிவைப்பார்கள். நான் முதலில் அவற்றையே புரட்டிப் பார்ப்பேன். தலையின் முதுகில் ஒரு பொத்தானை அழுத்தினால் சாக்கெட் கழன்று விழும் அமைப்புக்கு, அமெரிக்காவின் சியர்ஸ் கடையில் வேலைபார்த்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் 1965இல் காப்புரிமை பெற்றார். அப்படிப் பொத்தான் உள்ள ராட்செட்டை 1930களின் பொருள் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

துருவேறிய ராட்செட் ஒன்றைப் பாலிஷ் போட்டு, மறுபடி குரோமியம் முலாம் பூசித் தருவதாக ஒரு பட்டறைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், தேவகோட்டை

கொடுக்க வேண்டாம். பாலிஷ் சக்கரம் துருவை மட்டும் எடுப்பதில்லை. முத்திரை எழுத்துகளின் விளிம்பையும், கைப்பிடியின் சொரசொரப்பான வரிகளையும், முந்தைய பதிலில் சொன்ன ஆண்டுக்குறியையும் சேர்த்தே தின்றுவிடும். அவை போன பின் மிஞ்சுவது பளபளக்கும் இரும்புத் துண்டு. மேலும், தங்களுடையது காட்மியம் பூசியதாக இருந்தால் உப்புத்தாளால் தேய்ப்பதும் கம்பிச் சக்கரத்தில் பிடிப்பதும் உடலுக்குக் கேடு. காட்மியத் தூசி நஞ்சு, அதைச் சூடாக்கினால் எழும் புகை அதைவிடக் கொடியது. மின்முலாம் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருப்பதால், முலாம் என்றால் நம் ஊர்க்காரர்களுக்குத் தனி ஆர்வம் வருவது இயல்புதான். இந்த இடத்தில் அந்த ஆர்வத்தை அடக்கிக்கொள்வது நல்லது.

செய்ய வேண்டியது இவ்வளவே. கருவியை இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் போடும் புளியை இதில் போடாதீர்கள். அமிலம் துருவோடு நிற்காமல் எஃகையும் அரிக்கும், உள்ளே இருக்கும் கடினமான ஸ்பிரிங்கை நொறுங்கும்படி ஆக்கிவிடவும் கூடும். மூடியைக் கழற்றுவதானால், கருவியையும் கைகளையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டே கழற்றுங்கள். கடுகளவு ஸ்பிரிங்கும் குண்டும் துள்ளி ஓடினால் வளவின் மறுகோடியில்தான் தேட வேண்டியிருக்கும். கழற்றும் ஒவ்வொரு நிலையிலும் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது கெட்டியான கிரீஸை அடைக்கக் கூடாது, நாக்கு ஒட்டிக்கொண்டு பல்லில் விழாமல் நழுவும்; தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

என் கணவர் சேர்த்து வைத்திருக்கும் மஞ்சள் நிறக் கண்ணாடி போன்ற கைப்பிடிகள், அலமாரியைத் திறந்தால் வாந்தி வாடை அடிக்கின்றன. வெள்ளையாகப் பொடியும் பூத்திருக்கிறது. எதையோ கொட்டிவிட்டார் என்று நான் சொல்கிறேன், அவர் மறுக்கிறார்.
— வாசகி, பள்ளத்தூர்

இந்த வழக்கில் தங்கள் கணவர் குற்றமற்றவர், ஆச்சி. அந்தக் கைப்பிடிகள் செல்லுலோஸ் பியூட்டிரேட் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அது முதுமையடையும்போது பியூட்டிரிக் அமிலத்தை வெளியிடும். ஊசிப்போன வெண்ணெயின் வாடைக்கும் வாந்தியின் வாடைக்கும் காரணமான அதே அமிலம். மூடிய இடத்தில் வாடை தேங்குவதோடு, அந்த ஆவி அருகில் உள்ள எஃகையும் மங்கச் செய்யும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, உடனே நன்றாக உலர்த்தி, காற்றோட்டமான திறந்த தட்டில் வைக்கச் சொல்லுங்கள். தின்னரும் அசிட்டோனும் பட்டால் பிளாஸ்டிக் கரைந்துவிடும். வாடை முழுவதுமாகப் போய்விடும் என்று உறுதி தர முடியாது. பட்டுப்புடவை இருக்கும் அலமாரியில் அவற்றுக்கு இடம் தர வேண்டாம் என்பதில் நான் தங்கள் பக்கம்.

ஸ்பின்னர் கைப்பிடியில் குடும்ப விலாசத்தின் (வீட்டாரின் பெயர்ச் சுருக்கத்தின்) எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. தேய்த்து எடுத்துவிட்டால் விலை கூடுமா?
— வாசகர், ஆத்தங்குடி

கூடாது, குறையும். தூக்குச்சட்டியிலும் அண்டாவிலும் விலாசம் வெட்டுவது போலவே கருவியிலும் வெட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் உரிமையாளர் பெயர் பொறித்த கருவியைக் குறைவாக மதிப்பது உண்மையே. ஆயினும் அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. அப்படியே விடுங்கள்.

பழைய ராட்செட்டை என் மோட்டார் சைக்கிளுக்குப் பயன்படுத்தலாமா?
— வாசகர், கோட்டையூர்

1/4 அங்குல முனையுள்ளதானால் இன்றைய மில்லிமீட்டர் சாக்கெட்டை மாட்டிச் சிறு போல்ட்டுகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கைப்பிடியில் குழாயைச் செருகி நீளம் கூட்டி அழுத்தாதீர்கள். பல் உடைந்தால் மாற்றுப் பல் கிடைக்காது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இத்தகைய கருவிகளை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? வீடு பிரிக்கும் இடத்துக்கே நேரில் போனால் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்களே?
— வாசகர், புதுவயல்

கடையில் முதலில் காதைப் பயன்படுத்துங்கள். சதுர முனையை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றினால், கேட்கும் சொடுக்குகளின் எண்ணிக்கை பெரும்பாலும் பற்களின் எண்ணிக்கை. 24 பல் என்றால் ஒவ்வொரு சொடுக்குக்கும் 15 பாகை. 36 என்றால் 10 பாகை. பழையவற்றில் பல் பெரிதாகவும் குறைவாகவும் இருப்பது குறையாகாது. நடுவில் ஒரு சொடுக்கு விடுபட்டாலோ மந்தமாக ஒலித்தாலோ அங்கே பல் முறிந்திருக்கலாம், அல்லது அழுக்கு அடைந்திருக்கலாம். இரண்டு திசைகளிலும் இதைச் செய்யுங்கள். பிறகு சதுர முனையை நேர்க்கோட்டில் வைத்துப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் யாரோ அளவுக்கு மீறி அழுத்தியிருக்கிறார்கள். சாக்கெட்டைப் பிடிக்கும் குண்டு உள்ளே போய் வெளியே வருகிறதா, ஸ்பின்னரின் தண்டு கைப்பிடிக்குள் தனியாகச் சுழல்கிறதா, கைப்பிடியின் பின்முனையில் சுத்தியல் அடி பட்டிருக்கிறதா என்பவையும் முக்கியம். பெட்டியும் அதன் உள்தட்டும் கிடைத்தால் அவற்றுக்குத் தனியே பணம் கொடுப்பதில் தவறில்லை. காயலான் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். அங்கே ராட்செட் எடைக்குத்தான் போகிறது, பலமுறை எடைபோட்ட பிறகே அது பழம்பொருள் கடைக்கு வந்து சேர்கிறது.

வீடு பிரிக்கும் இடத்தில் மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் நம் வீடுகள் பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. சாமான்களிலும் பங்காளிகள் எல்லோருக்கும் பங்கு உண்டு, அவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருப்பார்கள். காவலுக்கு இருப்பவரோ தரகரோ எடுத்துத் தரும் பெட்டியை வாங்கிவிட்டு, பின்னால் ஒரு பங்காளி வந்து கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் நிற்பதைவிட, கடையில் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது மேல். நேரில்தான் வாங்குவதென்றால், பங்காளிகள் சார்பில் பேச உரிமையுள்ளவர் யார் என்று கேட்டு, கருவிகளின் பட்டியலையும் அவற்றில் உள்ள முத்திரைகளையும் விலாச எழுத்துகளையும் எழுதி, அவரிடம் தேதியிட்ட கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.