ட்ரோன் வரைபடம் படிக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். மகள் ட்ரோனை வைத்து நிலவரைபடம் எடுக்கும் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள். கணினி அறிவியலில் சேர்க்காவிட்டால் பிள்ளையின் எதிர்காலமே பாழ் என்கிறார் அவளுடைய பெரியப்பா. "பொம்மை விமானம் விடுவதெல்லாம் ஒரு படிப்பா?" என்று அவர் கேட்டதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெரியப்பா சொல்வது தவறு. கட்டணம் கட்டப்போவது நீங்கள், வகுப்பில் உட்காரப்போவது அவள்.

கணினி அறிவியலைப் பற்றிச் சொல்ல உங்களைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். நில அளவையியலையும், இடங்களின் தகவலைக் கணினியில் வரைபடமாக்கும் புவித்தகவலியலையும் பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை. ட்ரோன் அந்தத் துறையின் கருவிகளில் ஒன்று, அவ்வளவுதான். அதைப் பறக்கவிடச் சில வாரங்களில் பழகிவிடலாம். பாதையைப் போட்டுக் கொடுத்தால் தானே பறந்து, படமெடுத்து, திரும்பி வந்து இறங்கும். சம்பளம் கிடைப்பது அந்தப் பாதைக்குப் பின்னால் உள்ள கணக்குக்கு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு கேமராவில் படம் பதியும் சில்லான சென்சாரின் அகலம் 13.2 மி.மீ., லென்ஸின் குவியத் தூரம் 8.8 மி.மீ., படத்தின் அகலம் 5472 பிக்சல். இந்தக் கேமராவை 100 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டால் ஒரு பிக்சல் தரையில் சுமார் 2.7 செ.மீ. ஒரு படத்தில் விழும் நிலம் ஏறத்தாழ 150 மீட்டருக்கு 100 மீட்டர். அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும், அதுதான் ஓவர்லேப். பக்கவாட்டில் 70 சதவீத ஓவர்லேப் வேண்டுமென்றால் பறக்கும் வரிசைகளுக்கு நடுவே 45 மீட்டர் இடைவெளி. முன்பக்கம் 80 சதவீதம் என்றால் 20 மீட்டருக்கு ஒரு படம்.

இப்போது அந்த நிலத்தின் நடுவே 50 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று இருக்கிறது என்று வையுங்கள். ட்ரோன் அதே மட்டத்தில் பறந்தால் உச்சிக்கு மேலே ஒரு படத்தின் அகலம் 75 மீட்டராகச் சுருங்கிவிடும். வரிசை இடைவெளி மட்டும் 45 மீட்டராகவே இருக்கும். 70 சதவீதம் 40 ஆகிவிட்டது. படங்களைக் கோக்கப் பொதுப் புள்ளிகள் போதாமல் குன்றின் உச்சியில் வரைபடம் பிசகும், ஓட்டை விழும். நில ஏற்ற இறக்கத்துக்கேற்ப உயரத்தை மாற்றிப் பறக்கவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு இந்தச் சிக்கல் வராது. வேகமும் அப்படித்தான். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தால் கேமரா அதற்குள் 5 செ.மீ. நகர்ந்துவிடும், படம் கிட்டத்தட்ட இரண்டு பிக்சல் மங்கிவிடும். 1/1000 நொடி என்றால் 1 செ.மீ.தான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சங்கதி, வரைபடத்தை உண்மையான தரையோடு பொருத்தும் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகைகளை நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்து, ஒவ்வொன்றின் இடத்தையும், செயற்கைக்கோள்களை வைத்துச் சில செ.மீ. துல்லியத்தில் இடம் சொல்லும் ஆர்டிகே ஜிஎன்எஸ்எஸ் கருவியால் அளக்க வேண்டும். இன்னும் சில பலகைகளை அளந்து, கணக்கில் சேர்க்காமல், சரிபார்க்க மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் நடுவிலேயே குவித்தால், லென்ஸின் வளைவை மென்பொருள் தப்பாகக் கணிக்கும்போது அதைப் பிடித்து நிறுத்த ஓரங்களில் எதுவும் இருக்காது. சமதரை கிண்ணம்போல் வளைந்துவிடும். வரைபடம் பார்க்க அழகாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. உயரத்திலும் ஒரு பொறி உண்டு: ஜிஎன்எஸ்எஸ் தருவது எலிப்சாய்டு என்ற கணித வடிவத்திலிருந்து அளந்த உயரம். அதற்கும் கடல்மட்ட உயரத்துக்கும் பல இடங்களில் பத்து மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். மாற்றாமல் கொடுத்தால் பொறியாளர் கையில் இருக்கும் பழைய மட்டங்களோடு எதுவும் ஒட்டாது.

இந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்கக் கணிதம் வேண்டும். உங்கள் மகளுக்கு அது பிடிக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பணத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பறக்கவிட மட்டும் கற்றுக்கொடுக்கும் குறுகியகாலச் சான்றிதழுக்குக் கடன் வாங்காதீர்கள். சட்டம் கேட்கும் உரிமத்தை வேலைக்கு முன் எடுத்துக்கொள்ளலாம். ட்ரோனும் இப்போது வாங்க வேண்டாம். கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதைவிட்டுக் கேள்வி கேளுங்கள். கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனும் ஆர்டிகேயும் மாணவர் கைக்கு எத்தனை நாள் வரும்? படங்களிலிருந்து அளவெடுக்கும் ஃபோட்டோகிராமெட்ரி தனிப் பாடமா? அளவீட்டுப் பிழைகளைச் சரிக்கட்டும் குறைந்த வர்க்க முறையைக் கையால் போட வைக்கிறார்களா? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவளுடைய நாட்டத்தைச் செலவில்லாமலே சோதிக்கலாம். ட்ரோன் படங்களைக் கோக்கும் வெப்ஓடிஎம், வரைபடங்களைக் கையாளும் கியூஜிஐஎஸ் இரண்டும் திறமூல மென்பொருள்கள். மாதிரி ட்ரோன் படத் தொகுப்புகளும் இணையத்தில் இலவசம். நூறு படங்களைக் கோத்து ஒரு ஆர்த்தோமொசைக், அதாவது நேர் மேலிருந்து பார்ப்பதுபோல் திருத்திய ஒரே பெரிய படம், செய்யச் சொல்லுங்கள். கூரை விளிம்பு அலையலையாக நெளிந்திருக்கும், குளத்தின் நடுவே ஓட்டை இருக்கும். ஏன் என்று குடைந்துகொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தாள் என்றால் இது அவள் துறை. பறக்கும் காட்சி மட்டும்தான் பிடிக்கிறது என்றால் அதையும் அவளிடம் நேராகப் பேசுங்கள்.

அந்த ஒரு வாரம் முடியும்வரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள், பெரியப்பா சொல்லும் கல்லூரிக்கும் சேர்த்துத்தான். அவள் எழுதிவைத்த குறிப்புகளை எனக்கு அனுப்புங்கள்.