புது பேட்டரி வாங்கும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: திருச்சியில் இருக்கிறேன். கார் வாரத்துக்கு ஒருமுறைதான் வெளியே போகும். தினமும் காலையில் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைப்பேன். அப்படியும் இரண்டு வருடம் முடிவதற்குள் பேட்டரி போய்விட்டது. அடுத்ததைப் பெரிய ஆம்பியரில் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் பிரச்சினை கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். முதலில் அந்த ஐந்து நிமிடப் பழக்கத்தை விடுங்கள். ஐடிலில், அதாவது வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடும்போது, ஆல்டர்னேட்டர் (இன்ஜினால் சுற்றி பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) தருவது குறைவு. அதிலும் ஏசி போட்டிருந்தால் பேட்டரிக்கு மிஞ்சுவது சொற்பம். ஈய அமில பேட்டரி கடைசி இருபது சதவீதத்தை ஏற்றிக்கொள்ளவே மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அரைகுறை சார்ஜில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. வாரம் இரண்டு முறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். முடியாதா? ஒரு நல்ல ஆட்டோமேட்டிக் சார்ஜர் வாங்கி மாதம் ஒருமுறை இரவு முழுக்கப் போடுங்கள்.

இன்னொன்று, திருட்டு மின்கசிவு. காரைப் பூட்டிய பிறகும் அலாரம், கடிகாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது சகஜம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி ஆகிறது. நிறுத்திய வண்டியிலும் பதிவு செய்யும் டேஷ்கேமராவோ ஜிபிஎஸ்ஸோ சேர்ந்து 250 மில்லி ஆம்பியர் ஆனால், 35 ஆம்பியர் மணி பேட்டரி ஆறு நாளுக்குள் காலி! வெளியில் மாட்டியது ஏதாவது உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும்.

மல்டிமீட்டர் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் முழுசாக இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது சார்ஜே இல்லை. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். வராவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். டெர்மினலில் வெள்ளை பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்த வண்டிகள் நிறைய.

வெயிலையும் கணக்கில் வையுங்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு. திருச்சி வெயிலில் மூன்று, நான்கு வருடம் உழைத்தாலே நல்ல பேட்டரிதான். நிழலில் நிறுத்துவது வீண்போகாது.

இரண்டு வருடம்தானே ஆகிறது, வாரண்டி இன்னும் இருக்கலாம். பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாமல், முழு சார்ஜ் போட்டு லோட் டெஸ்ட் (பாரம் கொடுத்து பேட்டரி தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) கேளுங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால், தயாரிப்பு மாதத்தைப் பார்த்து வாங்குங்கள். கடை அலமாரியில் ஆறு மாதம் தூங்கியதற்குப் புதுசின் விலை கொடுக்காதீர்கள்.