கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன்களை வீட்டிலேயே கலப்பினம் செய்ய முடியுமா?

இந்த நான்கையும்போல முட்டையிடாமல் உயிருள்ள குஞ்சுகளை ஈனும் மீன்களைத்தான் குட்டிபோடும் மீன்கள் என்கிறோம். இரு வேறு இனங்கள் சேர்ந்து ஈன்றால் அது கலப்பினம்.

உறவு நெருக்கமாக இருந்தால்தான் மரபணுக்கள் பொருந்தும். பிளாட்டியும் வாள்வாலும் ஒரே பேரினம். எளிதில் கலக்கும், பிறக்கும் குஞ்சுகளும் பின்னாளில் குட்டிபோடும். கடையில் விற்கும் பெரும்பாலானவை ஏற்கெனவே இந்தக் கலப்பின் வாரிசுகள்தான். கப்பியும் அதன் நெருங்கிய உறவான எண்ட்லர் என்ற சிறு மீனும் அப்படியே. கப்பியும் மோலியும் கலப்பது அரிது. பிறப்பவை பெரும்பாலும் மலடு. கப்பியையும் பிளாட்டியையும் சேர்த்து வைத்துக் காத்திருப்பது வீண் வேலை.

ஓர் எச்சரிக்கை: கரும்புள்ளிப் பிளாட்டியை வாள்வாலோடு கலந்து, பிறந்ததை மீண்டும் வாள்வாலோடு சேர்த்தால் சில குஞ்சுகளுக்குக் கருநிறப் புற்றுக்கட்டி வரும். புள்ளியைக் கட்டுக்குள் வைக்கும் பிளாட்டியின் மரபணு அவற்றில் விடுபட்டுப்போகிறது. 1920களிலேயே அறிந்த செய்தி இது. அழகுக்காக இதைச் செய்வது எனக்கு உடன்பாடில்லை.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் சிமெண்டுத் தொட்டியில் வளர்ப்பவர்கள் மிஞ்சிய குஞ்சுகளை வாய்க்காலில் விடவேண்டாம். அவை நம் ஆற்று மீன்கள் அல்ல.

மோலி ஆணோடு விட்ட கப்பி குட்டி போட்டதும் கலப்பினம் பிறந்துவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். பத்தாயத்தில் விதைநெல்லை வைப்பதுபோல் பெண்மீன் பழைய இணையின் விந்தைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைக்கும் என்பதால், அவை அநேகமாகச் சுத்தக் கப்பிக் குஞ்சுகளே.