ஜெபத்தில் குணமாகும் என்றால் ஆஸ்பத்திரி எதற்கு?

ஜெபத்தால் சுகம் கிடைக்கும் என்று நம்புகிற கிறிஸ்தவர்கள் டாக்டரிடம் ஏன் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் எதிரெதிர் இல்லை. பைபிளில் யாக்கோபு 5:14-இல் நோயாளிக்குச் சபை மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லியிருக்கிறது. அதே வேதத்தில் அப்போஸ்தலர் பவுல் தன் உடம்பில் இருந்த, 'முள்' என்று அவரே சொன்ன உபாதை நீங்க மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. தன் சீடர் தீமோத்தேயுவை வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொன்னவரும் அவர்தான்.

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலில் பாருங்கள், ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அப்புறம், சுகமாகாதவரிடம் 'விசுவாசம் போதவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள், என் பெரியம்மாவை நோயைவிட அந்த வார்த்தைதான் அதிகம் வாட்டியது. இன்சுலினை நிறுத்தச் சொன்னால், சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.