பாங் அணை வாத்துகளும் பறவைக் காய்ச்சலும்: கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்

டாக்டர், 2020 டிசம்பர் கடைசியில் இமாச்சலத்து பாங் அணையில் வாத்துகள் கொத்துக் கொத்தாகச் செத்தனவே. பண்ணைக் கோழி என்றால் மொத்தமாக அழிக்கிறீர்கள். மிச்சமிருந்த வாத்துகளை ஏன் விட்டுவைத்தார்கள்? (நாமக்கல் பண்ணைக்காரர்)

அண்ணே, கோழி கொட்டகைக்குள் இருக்கிறது. கதவைச் சாத்தினால் நோயும் உள்ளேயே நிற்கும். ஏரியில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் போதும், நோயுள்ளது, இல்லாதது எல்லாம் கிளம்பி நாலு ஏரிக்குப் பறந்துவிடும். கொல்லப் போய் நாமே பரப்பியதாக ஆகும். அதனால் அங்கே கட்டிப்போட்டது மனிதர்களைத்தான். போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வகம் அது எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் என்று உறுதி செய்தது. ஏரியைச் சுற்றி 1 கிலோமீட்டருக்கு யாரும் போகக்கூடாது, அடுத்த 9 கிலோமீட்டர் கண்காணிப்பு. படகு, மீன்பிடி, மேய்ச்சல் எல்லாம் நின்றன. ஃபதேபூர், டேரா, ஜவாலி, இந்தோரா வட்டங்களில் கோழி, முட்டை, மீன் விற்கத் தடை. மீனுக்கு எதற்குத் தடை என்று பலர் முணுமுணுத்தார்கள். வலையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வரும் பறவை எச்சம்தான் என் கவலை, மீன் அல்ல.

செத்ததை எடுப்பது எப்படி? (கல்லூரி மாணவி)

முழு உடல் கவசம், முகக்கவசம், கண்ணாடி, இரட்டைக் கையுறை. பாலித்தீன் பையைக் கைக்கு உறைபோல மாட்டி, பறவையைப் பிடித்து, அப்படியே பையை உள்வெளியாகத் திருப்பிக் கட்ட வேண்டும். அதன்மேல் இன்னொரு பை. பிறகு ஆழக் குழி, சுண்ணாம்பு. பாங் அணையில் செத்தவை 4,000-க்கும் மேல், பெரும்பாலும் வரித்தலை வாத்து. நாணலுக்குள் கிடப்பதைத் தேடுவதுதான் பெரும்பாடு. விட்டுவிட்டால் காகமும் பருந்தும் கொத்தி, நோயைத் தங்கள் உடம்பில் ஏற்றிக்கொள்ளும்.

ஏரியில் மருந்து தெளிக்கலாமே சார்?

வேண்டாம்ப்பா. அத்தனை தண்ணீருக்கு எந்த மருந்தும் காணாது. புழுவும் மீனும் சாவதுதான் மிச்சம். வண்டிச் சக்கரத்துக்கும் காலணிக்கும் தெளியுங்கள், அங்கே பயனுண்டு.

கூந்தன்குளத்துக்கும் இதே வாத்து வருகிறதே? பயமாக இருக்கிறது. (நெல்லை வாசகி)

ஆமாம்மா, குளிர்காலத்தில் வரும். வருவதாலேயே நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தள்ளி நின்று பாருங்கள். வீட்டுக் கோழியைக் குளத்துப் பக்கம் மேயவிடாதீர்கள். ஒரே இடத்தில் பல பறவை செத்துக் கிடந்தாலோ, கழுத்தைத் திருகிக்கொண்டு தள்ளாடினாலோ தொடாமல் வனச்சரகருக்கோ கால்நடை மருந்தகத்துக்கோ சொல்லுங்கள். மூச்சுக்குழாயிலும் கழிவுத்துளையிலும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து, ஐஸ் வைத்து அனுப்புவது அவர்கள் வேலை.

காட்டுப்பறவையில் நோய் வந்தால் நம் முட்டை ஏற்றுமதி படுத்துவிடுமா? (மறுபடி நாமக்கல்)

உங்கள் கவலை தெரியும் அண்ணே! காட்டுப்பறவையில் கண்டதற்காக ஒரு நாட்டின் கோழிப் பொருளைத் தடுக்கக்கூடாது என்பது உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதி. வாங்குகிற நாடுகள் அதை எப்போதும் மதிக்கின்றனவா என்பது வேறு கதை. கொட்டகை வலையில் காகம் நுழைகிற ஓட்டை இருந்தால் இன்றைக்கே அடையுங்கள்.

முட்டை சாப்பிடலாமா?

வேகவைத்து. ஆஃப்பாயில் மட்டும் வேண்டாம்.